ஏஜென்ட் தவறான டூலைக் கூப்பிடுகிறதா? மாடலை மாற்றும் முன் டூல் விளக்கத்தைப் படியுங்கள்

கேள்வியின் சுருக்கம் இது: இணையக் கடை ஒன்றின் வாடிக்கையாளர் உதவிக்காக ஏஜென்ட் ஒன்றை, அதாவது மொழி மாடல் தானே முடிவெடுத்து வேலை செய்யும் நிரலை, கட்டியிருக்கிறீர்கள். அதில் பன்னிரண்டு டூல்கள் (மாடல் கூப்பிடக்கூடிய ஃபங்ஷன்கள்), ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம். பொருள் கைக்கு வந்த பிறகு ஒருவர் "இது வேண்டாம்" என்று சொன்னால், ரிட்டர்ன் டூலுக்குப் பதிலாக ரத்து செய்யும் டூலைக் கூப்பிடுகிறது. ஆர்டர் எண் வர வேண்டிய இடத்தில் மின்னஞ்சல் முகவரியைப் போடுகிறது. தேடலில் எதுவும் வராவிட்டால் "நீங்கள் எங்களிடம் எதுவும் வாங்கவில்லை" என்று அடித்துச் சொல்கிறது. பெரிய மாடலுக்கு மாறலாமா, இல்லை சிஸ்டம் ப்ராம்ப்டை (மாடலுக்குத் தொடக்கத்திலேயே கொடுக்கும் பொது உத்தரவை) மாற்றி எழுதலாமா என்று கேட்கிறீர்கள்.

அந்த இரண்டையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நீங்கள் சொன்ன மூன்று தவறுகளும் டூல் விளக்கத்தின் மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து வருகின்றன. ரத்துக்கும் ரிட்டர்னுக்கும் எல்லை எங்கே என்று எங்கும் எழுதவில்லை. பாராமீட்டருக்கு, அதாவது டூலுக்குக் கொடுக்கும் உள்ளீட்டுக்கு, என்ன போக வேண்டும் என்று எழுதவில்லை. காலியான முடிவுக்கு என்ன அர்த்தம் என்றும் எழுதவில்லை. எழுதாத இடங்களை மாடல் ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. பெரிய மாடல் கொஞ்சம் நன்றாக ஊகிக்கும், ஆனால் அதுவும் ஊகம்தான்.

மாடல் உண்மையில் எதைப் பார்க்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். ஏஜென்ட் ஒவ்வொரு முறை மாடலை அழைக்கும்போதும் டூல்களின் பட்டியல் கூடவே போகிறது. ஒரு டூலுக்கு முக்கியமாக மூன்று விஷயங்கள்: பெயர், விளக்கம், உள்ளீடு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் ஜேசன் ஸ்கீமா. ஓப்பன்ஏஐ 2023 ஜூனில் ஃபங்ஷன் காலிங் என்ற பெயரில் இந்த வசதியை வெளியிட்டபோதும் வடிவம் இதுதான். ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபியிலும், அதாவது டூல்களை ஏஜென்டோடு இணைக்கும் பொது விதிமுறையான மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகாலிலும், அடிப்படை இதுதான். இந்த மூன்றும் எழுத்தாக மாறி மாடலின் கான்டெக்ஸ்டில், அதாவது பதில் சொல்லும்முன் அது படிக்கும் எழுத்தில், போய் உட்காருகின்றன. ஃபங்ஷனுக்குள் இருக்கும் கோடு, அதாவது நிரல், போகாது. நடுவில் எழுதிய கமென்ட் போகாது. டேட்டாபேஸின் அமைப்பும் போகாது. பைத்தானில் டாக்ஸ்ட்ரிங்கையே (ஃபங்ஷனின் தொடக்கத்தில் எழுதும் குறிப்பையே) விளக்கமாக எடுத்துக்கொள்ளும் லைப்ரரிகள் உண்டு. அங்கேயும் டாக்ஸ்ட்ரிங்தான் போகும், அதற்குக் கீழே உள்ள எதுவும் போகாது. "அனுப்பிவிட்ட ஆர்டரை ரத்து செய்ய முடியாது" என்று உங்கள் கோடில் இருக்கும் நிபந்தனை, டூலைக் கூப்பிட்டு எர்ரர் வாங்கிய பிறகுதான் மாடலுக்குத் தெரியவரும்.

டூலை எழுதியவரே விளக்கத்தையும் எழுதும்போது இந்த இடைவெளி கண்ணில் படாது. "ஆர்டரை ரத்து செய்யும்" என்று தட்டும்போது அவர் மனதில் கடையின் முழு விதிமுறையும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் வரி முழுமையாகத் தெரிகிறது. ஓப்பன்ஏஐயின் வழிகாட்டியில் இதற்கு ஒரு நல்ல சோதனை சொல்லியிருக்கிறார்கள்: மாடலுக்குக் கொடுத்ததை மட்டும் புதிதாகச் சேர்ந்த பயிற்சி ஊழியரிடம் கொடுத்தால், அவரால் அந்த ஃபங்ஷனைச் சரியாகப் பயன்படுத்த முடியுமா? அவர் திரும்பி வந்து என்ன கேட்பாரோ, அதற்கான பதில் விளக்கத்தில் இடம்பெற வேண்டும். டூல் விளக்கம் எழுதும் கலையில் பாதிக்கு மேல் இந்த ஒரு சோதனையிலேயே அடங்கிவிடுகிறது என்பது என் எண்ணம்.

சரி, முதல் தவறுக்கு வருவோம். உங்கள் பட்டியலில் ஒரு டூலின் விளக்கம் "ஆர்டரை ரத்து செய்யும்". அடுத்ததன் விளக்கம் "ரிட்டர்ன் உருவாக்கும்". இரண்டிலும் பிழை இல்லை. ஆனால் வாடிக்கையாளர் ரத்து, ரிட்டர்ன் என்று பிரித்துப் பேசுவதில்லை. "இது எனக்கு வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்" என்பார். எந்த டூல் என்பதை அவருடைய சொல் தீர்மானிக்காது, ஆர்டர் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கும். அந்த விவரம் விளக்கத்தில் இல்லாதவரை மாடல் சொற்களை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுக்கும். நான் எழுதுவதானால் இப்படி எழுதுவேன் (படிக்க வசதியாக டூல் பெயர்களைத் தமிழில் வைத்திருக்கிறேன், பெரும்பாலான ஏபிஐகளில், அதாவது நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் இடைமுகங்களில், பெயருக்கு ஆங்கில எழுத்துகள், எண்கள், அடிக்கோடு, சிறு கோடு ஆகியவைதான் ஏற்கப்படும்):

ஆர்டர்_ரத்து: "இன்னும் அனுப்பப்படாத ஓர் ஆர்டரை முழுவதுமாக ரத்து செய்யும். ஆர்டரின் நிலை 'பதிவானது' அல்லது 'பேக்கிங்' என்று இருந்தால் மட்டும் பயன்படுத்தவும். பொருள் கிளம்பிவிட்டாலோ வாடிக்கையாளர் கைக்குப் போய்விட்டாலோ ரிட்டர்ன்_பதிவு டூலைப் பயன்படுத்தவும். நிலை தெரியாவிட்டால் முதலில் ஆர்டர்_விவரம் டூலில் பார்க்கவும். ஆர்டரில் உள்ள ஒரு பொருளை மட்டும் நீக்க இந்த டூலால் முடியாது. ரத்து செய்த ஆர்டரை மீட்க முடியாது. வெற்றி பெற்றால் ரத்து எண்ணும் திருப்பித் தர வேண்டிய தொகையும் வரும். பணத்தைத் திருப்பும் வேலை தொடங்கிவிட்டது என்றுதான் இதற்கு அர்த்தம், பணம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று வாடிக்கையாளரிடம் சொல்லக்கூடாது."

ஒரு வரி எட்டு வரியாகிவிட்டது. ஒவ்வொரு வரிக்கும் ஒரு வேலை இருக்கிறது. முதல் வரி டூல் என்ன செய்கிறது என்கிறது. இரண்டாவது, எப்போது. மூன்றாவது, எப்போது கூடாது, அப்போது எங்கே போக வேண்டும். நான்காவது, முடிவெடுக்கத் தேவையான தகவல் கையில் இல்லாவிட்டால் அது எங்கே கிடைக்கும். ஐந்தாவது, மக்கள் இதனிடம் எதிர்பார்த்து ஏமாறக்கூடிய ஒன்று. கடைசி மூன்றும் பின்விளைவு பற்றியவை. ஆந்த்ரோபிக்கின் வழிகாட்டியும் ஒரு டூலுக்குக் குறைந்தது மூன்று நான்கு வாக்கியங்கள் எழுதச் சொல்கிறது, சிக்கலான டூலுக்கு இன்னும் அதிகம். எத்தனை வாக்கியம் என்பதை நான் பெரிதாகப் பார்க்க மாட்டேன். நீங்கள் எழுதிய வாக்கியம் ஏதாவது ஒரு தவறான அழைப்பைத் தடுக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.

மேலே உள்ளதில் மூன்றாவது வரியைத்தான் பெரும்பாலானோர் எழுதுவதே இல்லை. ஒரு டூல் என்ன செய்யும் என்று சொல்ல எல்லோருக்கும் வருகிறது. பக்கத்து டூலிலிருந்து அது எங்கே பிரிகிறது என்று சொல்லத்தான் கை வருவதில்லை, ஏனென்றால் விளக்கங்களைத் தனித்தனி ஃபைலில், தனித்தனி நாளில் எழுதுகிறோம். மாடலோ எல்லாவற்றையும் ஒரே நேரத்தில், ஒன்றன் கீழ் ஒன்றாகப் பார்க்கிறது. அதனால் நீங்களும் பன்னிரண்டு விளக்கங்களையும் ஒரே பக்கத்தில் ஒட்டி வைத்துப் படியுங்கள். எந்த இரண்டு டூல்கள் ஒரே கேள்விக்குப் பொருந்துவதுபோல் தெரிகின்றனவோ, அந்த ஜோடிகளைக் குறித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் எல்லையை எழுதுங்கள். ரத்து டூலில் "அனுப்பிய பிறகு ரிட்டர்ன்" என்று எழுதினால் போதாது, ரிட்டர்ன் டூலிலும் "இன்னும் அனுப்பாத ஆர்டருக்கு ரத்து" என்று இருக்க வேண்டும். மாடல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் வேலி தெரிய வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "இதற்குப் பயன்படுத்தாதே" என்று மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். மாற்று வழி சொல்லாத தடை மாடலை நடுவழியில் நிறுத்திவிடும். சில சமயம் தடையையே மீறிக் கூப்பிடும். எதற்கு வேண்டாம் என்று சொல்லும் ஒவ்வொரு இடத்திலும், அதற்கு எது வேண்டும் என்றும் சொல்லுங்கள். எந்த டூலுமே இல்லையென்றால் "இதற்கு டூல் இல்லை, மனித ஊழியரிடம் மாற்றிவிடவும்" என்று எழுதுங்கள்.

இரண்டு டூல்களுக்கு இடையிலான வித்தியாசத்தை எவ்வளவு முயன்றாலும் இரண்டு வாக்கியத்தில் எழுத வரவில்லை என்றால், எழுத்தில் குறையில்லை, டூல்களின் அமைப்பில்தான் குறை. 'ஆர்டர்_தேடு', 'ஆர்டர்_பட்டியல்', 'ஆர்டர்_எடு', 'சமீப_ஆர்டர்' என்று நான்கு இருந்தால், அவை நான்கு ஏபிஐ முனைகளை அப்படியே டூலாக மாற்றியதால் வந்தவையாக இருக்கும். கோடு எழுதும் மனிதருக்கு அந்தப் பிரிவு வசதி. மாடலுக்கு அது நான்கு குழப்பங்கள். ஒன்றாக்கி, தேடும் வழியைப் பாராமீட்டரில் கொடுங்கள். நல்ல விளக்கம் எழுத உட்காரும்போதுதான் டூலின் வடிவமே தப்பு என்று தெரியவரும். அப்போது விளக்கத்தை நீட்டிச் சமாளிக்காமல் டூலை மாற்றுங்கள்.

பெயரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'தேடு', 'டேட்டா_எடு', 'ஹேண்ட்லர்2' மாதிரிப் பெயர்கள் எதையும் சொல்வதில்லை. எதன்மேல் என்ன செய்கிறது என்பது பெயரிலேயே தெரியட்டும். பல சர்வீஸ்களை இணைத்திருந்தால் முன்னொட்டு போடுங்கள், ஏனென்றால் டூல்களைத் தரும் எம்சிபி சர்வர்கள் இரண்டிலும் 'தேடு' என்றே டூல் இருப்பது அடிக்கடி நடக்கும். பெயர் ஒன்று சொல்லி விளக்கம் வேறு சொல்வதுதான் மிக மோசம்: 'ஆர்டர்_அப்டேட்' என்று பெயர், விளக்கத்தில் "முகவரியை மட்டும் மாற்றும்". மாடல் பெயரை நம்பி அளவையும் நிறத்தையும் மாற்றப் பார்க்கும்.

அடுத்து, உங்கள் இரண்டாவது தவறு. ஆர்டர் எண் இடத்தில் மின்னஞ்சல். உங்கள் ஸ்கீமாவில் அந்தப் பாராமீட்டர் 'ஐடி', வகை ஸ்ட்ரிங் (எந்த எழுத்தையும் ஏற்கும் வகை), அதற்கு விளக்கம் கிடையாது என்று ஊகிக்கிறேன். உரையாடலில் இருக்கும் ஸ்ட்ரிங்குகளில் ஒருவரை அடையாளம் காட்டுவது மின்னஞ்சல்தான், அதனால் மாடல் அதை எடுத்துப் போட்டிருக்கிறது. அதன் தரப்பிலிருந்து பார்த்தால் நியாயமான முடிவு. பலரும் மறப்பது இதைத்தான்: டூலுக்கு மட்டுமில்லை, ஒவ்வொரு பாராமீட்டருக்கும் விளக்கம் எழுதலாம், எழுத வேண்டும். 'ஐடி' என்பதை 'ஆர்டர்_எண்' என்று மாற்றுங்கள். விளக்கத்தில், அது எப்படி இருக்கும், எங்கே கிடைக்கும், எதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்று எழுதுங்கள்: "ஓஆர் என்ற இரண்டு எழுத்தும் எட்டு இலக்கமும் கொண்ட ஆர்டர் எண். வாடிக்கையாளர் சொல்வார், அல்லது ஆர்டர்_தேடு டூலின் முடிவில் வரும். மின்னஞ்சலோ, கூரியர் கண்காணிப்பு எண்ணோ இங்கே வரக்கூடாது. எண் தெரியாவிட்டால் ஊகிக்காமல் ஆர்டர்_தேடு டூலில் மின்னஞ்சலைக் கொடுத்துத் தேடவும்."

விளக்கத்தால் சொல்வதைவிட ஸ்கீமாவால் தடுக்க முடிந்தால் அதுவே மேல். ரத்துக்கான காரணம் ஐந்தில் ஒன்றுதான் என்றால், அதை ஸ்ட்ரிங்காக விடாமல் எனம் ஆக, அதாவது ஏற்கும் மதிப்புகளின் பட்டியலாக, கொடுத்துவிடுங்கள். ஆர்டர் எண்ணின் வடிவத்தை ஸ்கீமாவில் பேட்டர்னாகச் சொல்லுங்கள். ஓப்பன்ஏஐ 2024 ஆகஸ்டில் கொண்டுவந்த ஸ்டிரிக்ட் முறை போன்றவை, மாடல் தரும் ஜேசன் உங்கள் ஸ்கீமாவோடு ஒத்துப்போவதை உறுதிசெய்கின்றன. ஆனால் ஸ்கீமாவில் எழுதியதைத்தான் அவற்றால் காப்பாற்ற முடியும், அதிலும் ஸ்கீமாவின் எல்லா அம்சங்களையும் அவை ஏற்பதில்லை. வகை சரியாக இருந்தும் மதிப்பு தவறாக வருவதை அவை கண்டுகொள்ளாது. இன்னொன்று, ஒன்றுக்கொன்று முரணான உள்ளீட்டை ஸ்கீமா அனுமதிக்கவே கூடாது. 'ஆன்' என்று ஒரு பூலியன் (உண்மை, பொய் இரண்டில் ஒன்றை மட்டும் ஏற்பது), 'ஆஃப்' என்று இன்னொரு பூலியன் வைத்தால் இரண்டும் உண்மை என்று ஒருநாள் வரும். ஒரே பாராமீட்டராக்கிவிடுங்கள்.

தேதி, தொகை, மொழி மூன்றிலும் தனிக் கவனம் தேவை. 03/04 என்று வந்தால் எது நாள், எது மாதம்? ஆண்டு, மாதம், நாள் வரிசையில் வரும் ஐஎஸ்ஓ 8601 வடிவத்தைக் கேளுங்கள், எந்த நேர மண்டலம் என்றும் சொல்லுங்கள். "போன வாரம் வாங்கினேன்" என்று ஒருவர் சொன்னால் அதைத் தேதியாக்க மாடலுக்கு இன்றைய தேதி தெரிய வேண்டும். நீங்கள் சொல்லாவிட்டால் அதற்குத் தெரியாது. தொகையில் அலகைச் சொல்லுங்கள்: பல கட்டண ஏபிஐகள் நாணயத்தின் மிகச்சிறிய அலகில் முழு எண்ணாகத் தொகையை எதிர்பார்க்கின்றன. அதை எழுதாவிட்டால் நூறில் ஒரு பங்கு பணம்தான் திரும்பிப் போகும், எந்த எர்ரரும் வராது. மொழியை யாரும் யோசிப்பதே இல்லை. உங்கள் பொருள் பட்டியல் ஆங்கிலத்தில் இருந்து, வாடிக்கையாளர் தமிழில் தட்டினால், தேடு சொல் எந்த மொழியில் போக வேண்டும் என்று பாராமீட்டர் விளக்கத்தில் ஒரு வரி இருக்கட்டும். அந்த ஒரு வரி இல்லாமல் தேடல் காலியாகத் திரும்புவதை நிறைய இடங்களில் பார்க்கலாம்.

பாராமீட்டரை எப்படி மாற்றினால் தவறே நடக்க வழியில்லாமல் போகும் என்று யோசிப்பது விளக்கத்தை நீட்டுவதைவிட அதிகப் பலன் தரும். ஆந்த்ரோபிக் 2024 டிசம்பரில் ஏஜென்ட் கட்டுவது பற்றி எழுதியதில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. உண்மையான மென்பொருள் பிழைகளைத் திருத்தச் சொல்லும் எஸ்டபிள்யூஇ-பெஞ்ச் சோதனைக்கான கோடிங் ஏஜென்டில், மாடல் வேறு ஃபோல்டருக்கு நகர்ந்த பிறகு சார்புப் பாதையை (இருக்கும் ஃபோல்டரிலிருந்து தொடங்கும் கோப்பு முகவரியை) கொடுத்துத் தடுமாறியது. எப்போதும் முழுப் பாதைதான் கொடுக்க வேண்டும் என்று டூலையே மாற்றினார்கள். அதன்பின் மாடல் அதைப் பிழையின்றிப் பயன்படுத்தியது. அந்த ஏஜென்டில் மொத்த ப்ராம்ப்டைவிட டூல்களைச் சீராக்கத்தான் அதிக நேரம் செலவழித்ததாகவும் சொல்லியிருக்கிறார்கள்.

உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததை மாடலிடம் கேட்காதீர்கள். உள்நுழைந்திருக்கும் வாடிக்கையாளரின் எண் உங்கள் செர்வரில் இருக்கிறது. அதைப் பாராமீட்டராக வைத்தால் மாடல் தவறாக நிரப்பலாம், அதைவிட மோசம், யாரோ ஒருவர் வேறொருவரின் எண்ணைச் சொல்லி அந்த ஆர்டரைப் பார்த்துவிடலாம். கோடிலேயே சேர்த்துவிடுங்கள்.

மூன்றாவது தவறுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் அங்கே ஒரு மனிதரிடம் பொய் சொல்லப்படுகிறது. தேடல் காலியான பட்டியலைத் திருப்பியது. மாடலுக்குக் கிடைத்தது இரண்டு சதுர அடைப்புகள் மட்டும். அதற்கு என்ன அர்த்தம்? ஆர்டரே இல்லையா, வேறு மின்னஞ்சலில் வாங்கினாரா, உங்கள் தேடல் கடந்த 90 நாட்களை மட்டும் பார்க்கிறதா, தேடு சொல் தவறா? உங்களுக்குத் தெரியும், மாடலுக்குத் தெரியாது. அது இருப்பதில் எளிமையான அர்த்தத்தை எடுத்துக்கொண்டு, "நீங்கள் எதுவும் வாங்கவில்லை" என்றது. இதைச் சரிசெய்ய இரண்டு இடம் உண்டு. விளக்கத்தில், என்ன திரும்பி வரும், எந்த வரம்புக்குள் தேடும், காலியாக வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். டூல் திருப்பும் பதிலையும் மாற்றுங்கள்: காலிப் பட்டியலுக்குப் பதிலாக "இந்த மின்னஞ்சலில் கடந்த 90 நாட்களில் ஆர்டர் எதுவும் இல்லை. பழைய ஆர்டர்களுக்கு தொடக்கத்_தேதி கொடுத்துத் தேடவும், அல்லது வேறு மின்னஞ்சல் உண்டா என்று கேட்கவும்" என்று வரட்டும்.

டூல் திருப்பும் எழுத்தும் விளக்கத்தின் தொடர்ச்சிதான் என்று பாருங்கள். அதுவும் மாடலின் கான்டெக்ஸ்டுக்குத்தான் போகிறது, அதுவும் அடுத்த அடி எடுத்து வைக்கப்போகும் நேரத்தில். "எர்ரர் 400" என்பது மாடலுக்கு எதையும் கற்றுத்தருவதில்லை. அதே அழைப்பை அப்படியே மறுபடி செய்யும். "ஆர்டர்_எண் இடத்தில் மின்னஞ்சல் வந்திருக்கிறது. மின்னஞ்சலால் தேட ஆர்டர்_தேடு டூலைப் பயன்படுத்தவும்" என்று வந்தால் அடுத்த முறையே திருத்திக்கொள்ளும். டூலின் விளக்கத்தில் எல்லா விதிவிலக்கையும் அடைக்கத் தேவையில்லை என்பதும் இதனால்தான். எப்போதாவது நடப்பதை எர்ரர் மெசேஜில் வைக்கலாம். அடிக்கடி நடப்பதும், நடந்தால் திருத்த முடியாததும் விளக்கத்தில் இருக்க வேண்டும்.

முடிவு நீளமாக வரும் டூல்களில், வெட்டப்பட்டால் வெட்டியதைச் சொல்லுங்கள். 200 ஆர்டரில் முதல் 20 மட்டும் வந்தது என்று தெரியாத மாடல் 20ஐ வைத்து மொத்தக் கணக்கு சொல்லிவிடும். கூடவே, மனிதர் படிக்கும் பெயர்களைத் திருப்புங்கள். யூயூஐடி எனும் நீண்ட அடையாளக் குறிகளை மாடல் தப்பாக நகலெடுக்க வாய்ப்பு அதிகம்.

பணம், ரத்து, நீக்கம், மின்னஞ்சல் அனுப்புவது மாதிரித் திரும்பப் பெற முடியாத வேலைகளைச் செய்யும் டூலில் அதை வெளிப்படையாக எழுதுங்கள். இரண்டு முறை கூப்பிட்டால் இரண்டு முறை நடக்குமா என்றும் எழுதுங்கள், ஏனென்றால் குறித்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால் (டைம்அவுட்) மாடல் மறுபடி முயலும். எம்சிபியில் இதற்கென்றே குறிப்புகள் உண்டு: படிக்க மட்டும், அழிக்கக்கூடியது, மறுபடி செய்தாலும் விளைவு மாறாதது, வெளியுலகோடு தொடர்புள்ளது என்று நான்கு. ஆனால் அவை குறிப்புகள் மட்டுமே. நம்பிக்கையில்லாத சர்வரிலிருந்து வந்தால் அவற்றை நம்பி முடிவெடுக்கக்கூடாது என்று அந்த விதிமுறையே சொல்கிறது. விளக்கத்தில் "வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட பிறகே கூப்பிடவும்" என்று எழுதுவது நல்லதுதான். அதைப் பாதுகாப்பு என்று நினைத்துவிடாதீர்கள். ஒப்புதல் உண்மையிலேயே தேவையென்றால் கோடில் கேளுங்கள்.

இதே இடத்தில் வெளியாள் எழுதிய டூல்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். விளக்கம் மாடலின் கான்டெக்ஸ்டுக்குள் நேராகப் போவதால், அது மாடலுக்கு ஓர் உத்தரவாகவும் வேலை செய்யும். டூல் பாய்சனிங் என்று 2025இல் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள் காட்டியது இதைத்தான்: கூட்டல் கழித்தல் செய்யும் சாதாரண டூலின் விளக்கத்துக்குள், பயனரின் ரகசியக் கோப்பைப் படித்து ஒரு பாராமீட்டரில் சேர்த்து அனுப்பு என்று ஒளித்து எழுதினால், மாடல் அதையும் செய்யக்கூடும். பயனருக்குத் திரையில் அந்த வரி பெரும்பாலும் தெரியாது. அதனால் வெளியிலிருந்து எம்சிபி சர்வர் சேர்க்கும்போது விளக்கத்தை முழுவதுமாக ஒருமுறை படியுங்கள், பிறகு அது மாறுகிறதா என்றும் கவனியுங்கள்.

நீளம் பற்றிக் கேட்பீர்கள். விளக்கம் ஒவ்வொரு அழைப்பிலும் போவதால் டோக்கன் செலவு, அதாவது மாடல் படிக்கும் எழுத்தின் அளவுக்கேற்ற செலவு, உண்டு. பன்னிரண்டு டூலுக்கு எட்டு வரி வீதம் எழுதுவதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஒரு தவறான ரத்தின் விலை அதைவிடப் பெரிது. ப்ராம்ப்ட் கேஷிங் (மாறாத தொடக்கப் பகுதியைச் சேமித்து மறுபடி பயன்படுத்துவது) இருந்தால் மாறாத விளக்கங்களுக்கு ஆகும் செலவு மிகவும் குறையும். அதற்காகவே இன்றைய தேதி, வாடிக்கையாளர் பெயர் மாதிரி மாறும் விஷயங்களை டூல் விளக்கத்துக்குள் வைக்காதீர்கள். டூல்கள் கான்டெக்ஸ்டின் தொடக்கத்தில் இருக்கும் அமைப்புகளில், அங்கே ஓர் எழுத்து மாறினாலும் அதற்குப் பின்னால் உள்ள கேஷ் முழுவதும் வீணாகும். டூல்களின் எண்ணிக்கை கூடுவதுதான் நீளத்தைவிடப் பெரிய பிரச்சினை. ஒரே நேரத்தில் இருபதுக்குள் வைத்துக்கொள்ளப் பார்க்கும்படி ஓப்பன்ஏஐ ஆலோசனை சொல்கிறது, கறாரான விதியாக இல்லாவிட்டாலும். அதற்கு மேல் போனால், தேவையான டூலை மட்டும் தேடி எடுத்துக்கொடுக்கும் ஏற்பாட்டுக்கு மாறலாம். அங்கே விளக்கத்துக்கு இன்னொரு வேலையும் சேர்கிறது, தேடலில் அகப்பட வேண்டும். வாடிக்கையாளர் பேசும் சொற்கள் அதில் இருக்கட்டும்.

வெட்ட வேண்டியதும் உண்டு. உள்ளே எந்த டேட்டாபேஸ் ஓடுகிறது, எந்த டீம் எழுதியது, எந்தப் பதிப்பில் சேர்த்தது, இதெல்லாம் மாடலுக்கு எந்த முடிவிலும் உதவாது. "சக்திவாய்ந்த", "விரிவான" போன்ற விளம்பரச் சொற்களும் வேண்டாம். பக்கத்து டூலைவிட இது கவர்ச்சியாகத் தெரிந்து தேவையில்லாத இடத்தில் கூப்பிடப்படும். "கட்டாயம்", "எப்போதும்" என்று அதட்டி எழுதுவதும் அப்படித்தான். முன்பு மாடல்கள் டூலைக் கூப்பிடாமல் விட்டுவிடும், அதனால் அதட்ட வேண்டியிருந்தது. இப்போதைய மாடல்கள் சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்கின்றன. "எப்போதும் முதலில் தேடவும்" என்று எழுதினால், "நன்றி" என்று சொன்னவருக்கும் தேடிப் பார்க்கும். காரணத்தைச் சொல்லுங்கள்: "விலை அடிக்கடி மாறுவதால், விலை சொல்வதற்கு முன் இதில் பார்க்கவும்." காரணம் தெரிந்தால் நீங்கள் எழுதாத சூழ்நிலையிலும் மாடல் ஓரளவு சரியாக நடந்துகொள்ளும்.

எழுதியது சரிதானா என்று படித்துப் பார்த்து முடிவு செய்ய முடியாது, ஓட்டித்தான் பார்க்க வேண்டும். உங்கள் லாகிலிருந்து, அதாவது ஏஜென்டின் உரையாடல் பதிவிலிருந்து, உண்மையான கேள்விகளை எடுங்கள், வாடிக்கையாளர் தட்டிய எழுத்துப் பிழைகளோடு அப்படியே. ஒவ்வொன்றுக்கும் எந்த டூல், என்ன பாராமீட்டர் என்று நீங்களே விடை எழுதி வையுங்கள். எந்த டூலும் தேவைப்படாத கேள்விகளையும் சேருங்கள். பலர் இதை விட்டுவிடுவதால் ஏஜென்ட் எதற்கெடுத்தாலும் டூலைக் கூப்பிடுவது கடைசிவரை தெரிவதில்லை. ஒரே கேள்வியைப் பல முறை ஓட்டுங்கள், ஏனென்றால் மாடல் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடக்காது. தவறுகளைப் பிரித்துப் பாருங்கள்: டூல் தவறென்றால் எல்லையைத் திருத்துங்கள், மதிப்பு தவறென்றால் பாராமீட்டர் விளக்கத்தைத் திருத்துங்கள், டூல் சரி, பதில் தவறென்றால் திருப்பும் எழுத்தைத் திருத்துங்கள். ஒரு டூலைத் திருத்திய பிறகு எல்லாக் கேள்விகளையும் மறுபடி ஓட்டுங்கள். ரிட்டர்ன் விளக்கத்தை நீட்டினால் 'பொருள் மாற்று' டூலுக்குப் போக வேண்டிய கேள்விகளை அது இழுத்துக்கொள்வது சகஜம்.

லாகைப் படிக்கும்போது டூலின் பெயரோடு நின்றுவிடாமல் மாடல் அனுப்பிய மதிப்புகளையும் பாருங்கள். ஆந்த்ரோபிக் தன் வலைத்தேடல் டூலில், மாடல் காரணமில்லாமல் தேடு சொல்லோடு 2025 என்று சேர்த்துக்கொண்டிருந்ததை இப்படித்தான் கண்டுபிடித்தது. டூல் சரியானதுதான், எர்ரரும் இல்லை, முடிவுகள் மட்டும் ஒருபக்கமாகச் சாய்ந்தன. விளக்கத்தைத் திருத்தியே அதைச் சரிசெய்தார்கள்.

இன்னொரு நல்ல வழி, டூலின் கோடு எதையும் காட்டாமல் பெயர், விளக்கம், ஸ்கீமா மூன்றை மட்டும் மாடலிடமே கொடுத்து, "இதில் உனக்குத் தெளிவில்லாதது எது, எந்த இரண்டு டூல்களைக் குழப்பிக்கொள்வாய்" என்று கேட்பது. அது சொல்லும் திருத்தத்தை அப்படியே ஒட்டிவிடாதீர்கள், கடையின் விதி அதற்குத் தெரியாது. ஆனால் எழுப்பும் கேள்விகள் பெரும்பாலும் உருப்படியானவை.

உங்கள் நிலைமையில் நான் ரத்து, ரிட்டர்ன், மாற்று மூன்றின் எல்லையை முதலில் எழுதுவேன். அப்புறம் 'ஐடி' என்று இருக்கும் எல்லாப் பாராமீட்டருக்கும் பெயர் மாற்றுவேன், காலியான முடிவுக்கு ஒரு வாக்கியம் வைப்பேன். அதற்குப் பிறகும் மூன்று டூலை வரிசையாகக் கூப்பிட வேண்டிய கேள்விகளில் மட்டும் தடுமாறினால், அப்போது அதே கேள்விகளைப் பெரிய மாடலில் ஓட்டிப் பாருங்கள். விளக்கம் முழுமையாக இருக்கும்போது தெரியும் வித்தியாசம் மாடலுடையது என்று நம்பலாம், அதற்குச் செலவு செய்யலாமா என்றும் முடிவெடுக்கலாம்.